கீமோ மருந்து நம் உடலில் சேர்கிறதா: மருத்துவமனை ஊழியர்களைக் கண்காணிக்கும் முறை

கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தைக் கலப்பவர், நோயாளிக்கு ஏற்றுபவர், அந்த நோயாளியின் கழிப்பறையைக் கழுவுபவர் ஆகிய மூவருக்கும் மருந்து உடலுக்குள் போகும் முக்கிய வழி தோல்தான். மூச்சுவழிப் பாதிப்பு பெரும்பாலும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. இம்மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களின் சிறுநீரில் மரபணு மாற்றத்தைத் தூண்டும் தன்மை இருப்பதை 1979இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்தும், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊழியர் உடலில் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. ஆகவே மருந்து எங்கிருந்து கசிந்து, எந்த வழியாகக் கைக்கு வருகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைப்பதற்காகவே அளக்கிறோம். முதலில் மேற்பரப்பு, அடுத்து சிறுநீர், கடைசியாக இரத்தம் என்ற வரிசையில் போவது நல்லது.

எந்த மருந்தைத் தேடுவது

எல்லா மருந்துகளையும் அளக்க முடியாது. கடந்த சில மாதக் கொள்முதல் பதிவேட்டை எடுத்து, அதிக அளவில் கலக்கப்படும் இரண்டு மூன்று மருந்துகளைத் தேர்ந்தெடுங்கள். சைக்ளோபாஸ்பமைடு பெரும்பாலும் பட்டியலில் இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு கிராம் அளவுக்குக்கூடச் செலவாகிறது, தோல்வழி ஊடுருவுகிறது, அதை அளக்கும் முறைகளும் நன்கு நிலைபெற்றவை. உடன் 5-ஃபுளோரோயுராசில், ஜெம்சிடபின், மெத்தோட்ரெக்சேட், பாக்ளிடாக்செல் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ சேர்க்கலாம். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் இரண்டையும் பிளாட்டினம் தனிமமாக அளப்பார்கள்.

துடைப்பு மாதிரி

மேற்பரப்பைத் துணியால் துடைத்து, அதில் ஒட்டிய மருந்தை ஆய்வகத்தில் அளப்பதே துடைப்பு மாதிரி. முதலில் ஆய்வகத்திடம் பேசுங்கள். எந்தத் துணி, எந்தக் கரைசல், மாதிரியை எந்த வெப்பநிலையில் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் மருந்துக்கு மருந்து மாறும். அவர்கள் தரும் பொருள்களை விட்டுவிட்டுக் கைக்குக் கிடைத்த பஞ்சால் துடைத்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

கலக்கும் அறையில் பயோசேஃப்டி கேபினெட்டின் (மருந்து வெளியே பரவாதபடி காற்றை உறிஞ்சி வடிகட்டும் பெட்டி) உள்தளம், அதன் முன்விளிம்பு, அதற்கு முன்னுள்ள தரை, குப்பிகள் வைக்கும் அலமாரி, மருந்து கொண்டுபோகும் பெட்டி ஆகியவற்றில் எடுங்கள். வார்டில் நாற்காலியின் கைப்பிடி, டிரிப் ஸ்டாண்டு, பம்ப்பின் பொத்தான்கள், செவிலியர் மேசையின் தொலைபேசி, நோயாளிகளின் கழிப்பறைத் தரை. கையுறை இல்லாமல் எல்லோரும் தொடும் கதவுக் கைப்பிடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கிடைக்கும் எண்தான் பெரும்பாலும் அதிகம் சொல்லும்.

வேலை முடிந்து, சுத்தம் செய்வதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கிறது என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். எந்த நாள் என்பதை மட்டும் முன்கூட்டி அறிவிக்காதீர்கள். அறிவித்தால் அன்று வழக்கத்துக்கு மாறான சுத்தம் நடக்கும், அளவீடு வீணாகும்.

1. புதிய இரட்டைக் கையுறை அணியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வெளிக்கையுறையை மாற்றுங்கள். இல்லையென்றால் முந்தைய இடத்தின் மருந்தை அடுத்த இடத்தில் நீங்களே பூசுவீர்கள்.
2. 10 × 10 செ.மீ. அளவுள்ள, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சட்டத்தை வையுங்கள். பொத்தான், கைப்பிடி போன்றவற்றில் துடைத்த எல்லையை வரைந்து வைத்து, அடுத்த முறையும் அதே எல்லையைத் துடையுங்கள்.
3. ஒரே அழுத்தத்தில் முதலில் கிடைவாக்கிலும், துணியை மடித்துச் செங்குத்தாகவும் துடையுங்கள்.
4. குழாயில் போட்டு மூடி, இடம், நேரம், கடைசியாகச் சுத்தம் செய்த நேரம், அன்று கலந்த மருந்தின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள்.
5. எதையும் துடைக்காத துணி ஒன்றையும் அதே முறையில் நனைத்து அடைத்து அனுப்புங்கள். அதில் மருந்து வந்தால் முழுத் தொகுதியையும் சந்தேகிக்க வேண்டும்.

கணக்கு எளிது. 100 ச.செ.மீ. பரப்பில் 45 நானோகிராம் கிடைத்து, ஆய்வக முறையின் மீட்பு விகிதம் (பரப்பில் உள்ள மருந்தில் துடைத்து அளக்க முடிகிற பங்கு) 90% என்றால், ச.செ.மீ.க்கு 0.5 நானோகிராம். ஆய்வகம் ஏற்கெனவே மீட்பைத் திருத்தியிருந்தால் மறுபடி திருத்தாதீர்கள்.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ச.செ.மீ.க்கு 0.1 நானோகிராமை இலக்காகக் கொள்ளும் வழக்கம் உண்டு. சைக்ளோபாஸ்பமைடு 1 நானோகிராமைத் தாண்டிய இடங்களில் ஊழியர் உடலில் மருந்து சேர்ந்ததைச் சில ஆய்வுகள் கண்டதாக ஆபத்தான மருந்துகளைக் கையாள்வதற்கான அமெரிக்க யூஎஸ்பி 800 விதி சொல்கிறது. 10ஐத் தாண்டினால் உடனே செயல்பட வேண்டும். இவை நல்ல வேலைமுறையால் எட்டக்கூடிய அளவுகளை ஒட்டி வந்தவை. இதற்குக் கீழே இருந்தால் நோய் வராது என்ற உறுதி இவற்றில் இல்லை. சராசரி போடாதீர்கள். பத்து இடம் சுத்தமாக இருந்து ஓரிடம் மோசமாக இருந்தால் சராசரி அதை மறைத்துவிடும்.

எண் எந்த இடத்தில் கூடுகிறதோ அங்கேயே காரணம் கிடக்கும். அலமாரியில் மட்டும் அதிகம் என்றால் குப்பிகளின் வெளிப்புறம்தான் காரணம்; தயாரிப்பாளரிடமிருந்தே மருந்து ஒட்டி வருவது நெடுநாள் அறிந்த செய்தி. கேபினெட் முன் தரையில் என்றால் கழிவை வெளியே எடுக்கும் விதத்தையும், கையுறை கழற்றும் இடத்தையும் பாருங்கள். நாற்காலியிலும் ஸ்டாண்டிலும் என்றால் டிரிப் குழாயை வார்டில் மருந்தாலேயே நிரப்புகிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். மருந்து சேர்ப்பதற்கு முன் சலைனால் நிரப்பி அனுப்பும்படி கலக்கும் அறைக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் என்றால் கையுறையோடு எடுக்கிறார்கள்.

எங்கும் பரவலாக இருந்தால் துடைக்கும் முறையில் கோளாறு. ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால் மருந்து சிதையாது, இடம் மட்டும் மாறும். 2% சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். நேரடியாகத் தெளித்தால் துகள் கிளம்பும். எஃகு அரிக்காமலிருக்க அதைத் தயோசல்பேட்டால் நீக்கி, பிறகு சோப்புக் கரைசல், கடைசியில் ஆல்கஹால். ஹைப்போகுளோரைட் எல்லா மருந்தையும் சிதைக்காது என்பதால், அழுத்தித் துடைத்து எடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

சிறுநீர்

மேற்பரப்பில் மருந்து இருப்பது தெரிந்த பிறகு, அது உடலில் ஏறியதா என்று சிறுநீர் சொல்லும். சில நாள் விடுப்புக்குப் பின், வேலைக்கு முன் ஒரு மாதிரி எடுங்கள். பிறகு பணி தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு, சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிறு பகுதியை உறைய வையுங்கள். சைக்ளோபாஸ்பமைடின் அரை ஆயுள் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையும் நேரம்) சில மணி நேரம்தான்; மறுநாள் காலை ஒரு மாதிரி மட்டும் எடுத்தால் உச்சம் நழுவிவிடும். 5-ஃபுளோரோயுராசில் நிமிடங்களில் சிதைவதால் அதன் சிதைபொருளான ஆல்ஃபா-ஃபுளோரோ-பீட்டா-அலனினைத் தேட வேண்டும். பிளாட்டினம் வாகனப் புகையிலிருந்தும் பல் உலோகங்களிலிருந்தும்கூட வரும். கையாளாத ஊழியர்களுடன் ஒப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள்.

கை கழுவாமல், பணி உடையோடு பாத்திரத்தைத் தொட்டால் உடலில் இல்லாத மருந்து மாதிரியில் வந்துவிடும். முடிவில் எதுவும் தெரியவில்லை என்றால், அன்றைய மாதிரியில் ஆய்வகம் காணக்கூடிய அளவுக்கு மருந்து இல்லை என்று மட்டுமே பொருள். துப்புரவுப் பணியாளர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நேரடியாகக் கையாளாதவர்களின் சிறுநீரிலும் சைக்ளோபாஸ்பமைடு கண்டறியப்பட்டிருக்கிறது. நோயாளியின் கழிவில் மருந்து குறைந்தது 48 மணி நேரம் வெளியேறுவதாகக் கொண்டே வேலை செய்ய வேண்டும்.

இரத்தம், பதிவேடு

நுண்கரு, காமெட் எனப்படும் இரத்தச் சோதனைகள் டிஎன்ஏ சேதத்தைக் காட்டும். புகைப்பழக்கம், கதிர்வீச்சு, வயது எல்லாமே அவற்றைக் குழப்பும். குழுக்களை ஒப்பிட உதவும். ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது. இரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் சோதனையும் பணியில் சேரும்போதே எடுக்கப்பட வேண்டும். அவை இயல்பாக இருப்பதைக் காட்டி மருந்து சேரவில்லை என்று வாதிடக் கூடாது.

துடைப்பு மாதிரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், புதிய கேபினெட் அல்லது மூடிய பரிமாற்றக் கருவி (மருந்தை மாற்றும்போது கசியவிடாத கருவி) வந்த பின்பும், பெரிய சிந்தலுக்குப் பின்பும் எடுங்கள். தனிநபர் முடிவு அவருக்கும் பணி மருத்துவருக்கும் மட்டும். நிர்வாகத்துக்குக் குழு எண்கள் போதும். கருவுற்றவர், பாலூட்டுபவர், குழந்தைக்கு முயலும் ஆண், பெண் யாராயினும், எந்த முடிவுக்கும் காத்திராமல் கேட்ட உடனேயே மருந்து கையாளாத பணிக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றம் கேட்டவரின் சம்பளமும் பணிமூப்பும் குறையாது என்பதை எழுத்தில் வையுங்கள். அது இல்லாத இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.