கிராவல் சைக்கிள்: கடையில் பார்க்க வேண்டியது, வீட்டில் பொருத்த வேண்டியது

தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் ரோடு சைக்கிள்காரர் இறங்கி உருட்டுவார். எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வைத்திருப்பவருக்குச் செம்மண்ணில் சிக்கல் இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் தார் ரோட்டிலேயே பாதிச் சக்தி போயிருக்கும். ஏரிக்கரை, கால்வாய்க்கரை, ஜல்லி கொட்டிப் பாதியில் நிற்கும் கிராமச் சாலை, நடுநடுவே பத்திருபது கிலோமீட்டர் நல்ல தார் என்று கலந்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் கிராவல் சைக்கிள். முழுக்கத் தார்தான் என்றால் இது தேவையில்லை. பாறையில் இறக்கிக் குதிக்க வேண்டும் என்றால் இது போதாது.

கடைக்குப் போனதும் ஃபிரேம் கார்பனா அலுமினியமா என்பதில்தான் பேச்சு தொடங்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஓட்டும்போது உங்களுக்குத் தெரியப்போகும் வித்தியாசத்தில் பெரும்பங்கு டயரிலும் அதற்குள் இருக்கும் காற்றிலும் இருக்கிறது. அலுமினிய ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கார்பன் ஃபோர்க்கும் சேர்ந்த வண்டி முதல் சைக்கிளுக்கு ஏராளம்.

முதலில் டயர் போகும் இடம்

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயர் போகும் என்று விவரத்தாளில் பாருங்கள். 45 மி.மீ. போனால் நல்லது, 40க்குக் கீழே இருந்தால் வேறு வண்டி பாருங்கள். போடப்போவது 40தான் என்றாலும் மிச்ச இடம் வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு நூறு மீட்டர் ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மண் டயரோடு சுற்றி வந்து ஃபோர்க்கின் கழுத்தில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கு இரு பக்கமும் மேலேயும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ. கணக்கு. 700சி என்று சொல்வது 622, 650பி என்று சொல்வது 584. அகல எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உள் அகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் ஏற்றினால் 40 டயர் ஓரிரு மி.மீ. கூடுதலாகவே விரியும். பெரிய டயருக்கு மாறும் முன் இப்போதிருப்பதை வெர்னியரால் அளந்து கொள்ளுங்கள்.

பிறகு சின்ன கியர்

எவ்வளவு வேகம் போகும் என்பதல்ல, எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பதே கேள்வி. முன் பல்சக்கரத்தின் மிகச் சிறிய பல் எண்ணிக்கையைப் பின் கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மிகப் பெரிய பல் எண்ணிக்கையால் வகுங்கள். விடை 1 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்றால் 0.95. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 0.88. பழைய ரோடு சைக்கிளில் வரும் 34க்கு 28 என்பது 1.21.

இந்த வித்தியாசம் காலில் எப்படி இறங்கும்? நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 0.95 கியரில் மணிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. வேகம், 1.21 கியரில் 9.6 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எடையை மேலே தூக்க மட்டும் முதலாவதில் 175 வாட் வரை வேண்டும், இரண்டாவதில் 220க்கு மேல். புதிதாக ஓட்டுகிறவர் முதலாவதைச் சமாளிப்பார். இரண்டாவதில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார்.

முன்னால் ஒரு பல்சக்கரமா இரண்டா என்பது அவரவர் விருப்பம். ஒன்று என்றால் சிக்கல் குறைவு, செயின் கழல்வதும் குறைவு. இரண்டு என்றால் கியர்களுக்கு இடையே தாவல் சிறியது, தாரில் நெடுநேரம் ஓட்டுகிறவர்களுக்குக் கால் நன்றி சொல்லும். எதுவானாலும் பின் டீரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) செயினைத் தளராமல் பிடிக்கும் கிளட்ச் இருக்கட்டும். 2019இல் வந்த ஷிமானோ ஜிஆர்எக்ஸ் போன்ற கிராவலுக்கென்றே செய்த கியர் செட்டுகளில் இது உண்டு. கிளட்ச் இல்லாவிட்டால் குண்டும் குழியுமான பாதையில் செயின் ஃபிரேமை அடித்துக்கொண்டே வரும்.

பிரேக் டிஸ்க்காக இருக்க வேண்டும், இதில் விவாதம் இல்லை. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கில் விரல் வலிக்காது. கேபிள் டிஸ்க்கைச் சாதாரண மெக்கானிக்கும் சரிசெய்வார். வாங்கும்போதே அந்த மாடலுக்கான டீரெய்லர் ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி சாய்ந்து விழும்போது ஃபிரேமைக் காப்பாற்ற வளைந்து கொடுக்கும் சின்ன உலோகத் துண்டு அது. மாடலுக்கு மாடல் வேறு, தேவைப்படும் நாளில் பக்கத்துக் கடையில் கிடைக்காது.

அளவு

வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடையிடுக்கில் சீட்டில் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு மேலே இழுத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை வேண்டிய உயரம் வரும். 80 செ.மீ. என்றால் 70.6. இது தொடக்கப் புள்ளிதான், பிறகு அரை செ.மீ. அங்குமிங்கும் மாறும்.

ஃபிரேமில் 54, 56 என்று போட்டிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இரண்டு வண்டிகளை ஒப்பிட ரீச் (கிராங்க் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி வரை கிடைமட்டத் தூரம்), ஸ்டாக் (அதே இரு புள்ளிகளுக்கு இடையே செங்குத்து உயரம்) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். ரீச் கூடினால் கை நீளும், ஸ்டாக் கூடினால் முதுகு நிமிரும். இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் தொடக்கக்காரர் ரீச் குறைந்ததை எடுப்பது நல்லது. சின்ன ஃபிரேமை, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை மாற்றிக் கொஞ்சம் நீட்டலாம், நீளமான ஃபிரேமைக் குறுக்க வழி அதிகம் இல்லை. சின்ன அளவுகளில் திரும்பும்போது கால்விரல் முன் டயரில் இடிக்கிறதா என்று கடையிலேயே வட்டமடித்துப் பாருங்கள்.

பெட்டியில் வந்த வண்டியைப் பொருத்துவது

வேண்டியவை: 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ, டி25 டார்க்ஸ் கீ, 15 மி.மீ. பெடல் ஸ்பேனர், கிரீஸ், மானி வைத்த தரைப்பம்ப், இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச். கடைசியாகச் சொன்னதைச் செலவு என்று தள்ளாதீர்கள். பெரும்பாலான ஸ்டெம் போல்ட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும், அந்த எண் ஸ்டெம்மிலேயே அச்சாகியிருக்கும். கைக்கணக்கில் முறுக்கினால் பலரும் அதைத் தாண்டிவிடுவார்கள்.

1. ஹேண்டில்பாரை வைத்து ஸ்டெம்மின் முகப்புத் தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வேறுவிதமாகச் சொல்லாத தகடுகளில் மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும்.

2. பிரேக் காலிபரிலுள்ள (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு முன்சக்கரத்தை மாட்டி ஆக்ஸிலை முறுக்குங்கள். ஹைட்ராலிக் என்றால் டிஸ்க் உள்ளே போகும் வரை லீவரைத் தொடவே கூடாது. அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து டிஸ்க் நுழைய இடம் இருக்காது. டிஸ்க்கில் விரல் படாமல் பாருங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள்.

3. இனி ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங். இங்கே வரிசைதான் முக்கியம். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள் தளர்ந்திருக்க, உச்சி மூடியின் போல்ட்டை முறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது டக் டக் என்ற ஆட்டம் நின்றதும் போதும். ஹேண்டில்பார் லேசாகத் திரும்ப வேண்டும். அதன் பிறகே ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக்கிப் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். முதலில் பக்கவாட்டை இறுக்கிவிட்டால் உச்சி மூடியை எவ்வளவு முறுக்கினாலும் ஆட்டம் போகாது.

4. சீட் போஸ்ட்டை இறக்குங்கள். போஸ்ட், ஃபிரேம் இரண்டும் உலோகம் என்றால் கிரீஸ். ஏதாவது ஒன்று கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்ற கார்பன் பேஸ்ட். போஸ்ட்டில் குறித்த எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

5. பெடல்களின் மரையில் கிரீஸ் தடவுங்கள். வலது வழக்கம்போல, இடதுக்கு எதிர்மரை. முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். இறுக்கமாகப் போனால் கோணல் மரை ஏறுகிறது, அலுமினிய கிராங்க் கெட்டுவிடும். உடனே கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

6. டிஸ்க் உரசினால் காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் இறுக்குங்கள். புது பிரேக் முதலில் பிடிக்காது. காலியான சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், முன்னும் பின்னும் தனித்தனியே இருபது தடவை குறையுங்கள். பிடிப்பு கூடிக்கொண்டே வருவது கைக்குத் தெரியும்.

சீட் மட்டமாக இருக்கட்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ மிதிக்கும்போது இடுப்பு ஆடினாலோ உயரம். உள்ளங்கை மரத்தால் ரீச் அதிகம், அல்லது சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது.

ட்யூப்லெஸ்: ஒரு மதிய வேலை

ட்யூப் இல்லாமல், துளையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை டயருக்குள் ஊற்றி ஓட்டுவதுதான் ட்யூப்லெஸ். நம் ஊர்ப் பாதைகளில் இதைச் செய்யச் சொல்வதற்குச் சீமைக் கருவேலம் ஒன்றே போதுமான காரணம். அந்த முள் தடித்த டயரையும் துளைக்கும், நெருஞ்சி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ட்யூப் போட்டு ஓட்டினால் பஞ்சர் ஒட்டுவதிலேயே பொழுது போகும். சீலன்ட் ஊற்றிய டயரில் முள் குத்தியதே தெரியாமல் வீடு வந்துவிடலாம்.

ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றவைதானா என்று முதலில் பாருங்கள். ரிம்மின் உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ரிம் டேப் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 23 மி.மீ. ரிம்முக்கு 25 அல்லது 27. இழுத்துப் பிடித்து ஒட்டி, முடிவில் 10 செ.மீ. மேலேறும்படி விடுங்கள், அந்த இணைப்பு வால்வ் துளையின் மேல் வரக் கூடாது. துளையைக் கூரான ஊசியால் குத்தித் திறங்கள், பிளேடால் வெட்டினால் கிழிசல் ஓடும். வால்வின் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு முறுக்கிவிட்டால் வழியில் ட்யூப் போட வேண்டிய நாளில் கழற்ற முடியாது.

டயரை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடியுங்கள். முதலில் சீலன்ட் இல்லாமல் காற்றடியுங்கள். வால்வின் உள்கரு கழன்றிருந்தால் காற்று வேகமாகப் போகும், ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி ஏறும். பட் பட் என்று இரண்டு மூன்று சத்தம் வந்து, டயரின் ஓரக்கோடு ரிம்மைச் சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் உட்கார்ந்துவிட்டது. டயரிலும் ரிம்மிலும் எழுதிய அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். உள்விளிம்பில் கொக்கி மடிப்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம்முக்கு 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார், முடிவான எல்லை. சரிப்படவில்லை என்றால் பெரும்பாலும் டேப்தான் காரணம்.

காற்றை விட்டு, வால்வ் வழியே 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி. சீலன்ட் செலுத்துங்கள். மறுபடி காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றி, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வைத்து, பிறகு ஒரு சின்னச் சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். முதல் இரவில் கொஞ்சம் காற்று இறங்குவது சகஜம். சீலன்ட் இரண்டு மூன்று மாதம் தாங்கும், சித்திரை வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே காய்ந்துவிடும். கேபிள் டை ஒன்றை வால்வ் வழியே விட்டு எடுத்தால் நனைந்திருக்கிறதா என்று தெரியும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய கிழிசலாகி வழியில் ட்யூப் போட நேர்ந்தால், மாதக்கணக்கில் டயருக்குள் தங்கிய முட்கள் அத்தனையும் புது ட்யூபுக்காகக் காத்திருக்கும். உட்புறம் முழுவதும் துணியால் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே ட்யூபை வையுங்கள்.

காற்று எவ்வளவு

70 கிலோ ஆள், 40 மி.மீ. ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ட்யூப் இருந்தால் 5 கூட்டுங்கள். எடை பத்துக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் மூன்று பிஎஸ்ஐ அதே பக்கம். பிறகு வழக்கமான பாதையில் இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டாலோ வளைவில் டயர் நழுவுவதுபோல் இருந்தாலோ இரண்டு கூட்டி நிறுத்துங்கள். பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர்மாறு: கல்லாக அடித்துக்கொண்டு போய் வண்டி குதிக்கிறது என்று ஃபிரேமைக் குறை சொல்வார்கள்.

இந்தச் சைக்கிள்களில் வருவது பிரெஸ்டா வால்வ். ஊர்ப் பஞ்சர் கடையின் பம்ப் அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். கூடவே ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், பெரிய துளையை அடைக்கும் பிளக் கிட், கைப்பம்ப், மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று, அந்த ஹேங்கர்.

முதல் நூறு கிலோமீட்டர்

ஸ்டெம், சீட், காலிபர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். கேபிள் உறைகள் இந்த நாட்களில்தான் அமர்ந்துகொள்ளும், கியர் தாவத் தயங்கும். பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை எதிர்க்கடிகாரத் திசையில் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எவ்வளவு திருகினாலும் சில பற்களில் சரியாகவும் சிலவற்றில் கரகரவென்றும் இருந்தால் கேபிளை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லர் கேசட்டுக்கு இணையாகத் தொங்காமல் உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அப்படியே மிகப் பெரிய பல்லுக்குப் போட்டால் டீரெய்லர் ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கிவிடும். ஹேங்கரை மாற்றும் வரை அந்தக் கியரைத் தொடாதீர்கள்.