அடிமை ஓலையைப் படிப்பது எப்படி: 1843-க்கு முன்னும் பின்னும்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பழைய வீட்டு ஓலைக்கட்டில் நிலக்கிரயம், ஒற்றியோடு ஆள் விற்ற ஓலையும் கலந்திருக்கலாம். கிடைத்தால் வாங்கியவர் பெயரைத் தேடாதீர்கள். விற்கப்பட்டவர் பெயர், வயது, பெற்றோர், ஊர் ஆகியவற்றை முதலில் எழுதிவையுங்கள். அந்த மனிதரைப் பற்றி வேறெங்கும் எழுத்து இருக்காது.

அடுத்தது தேதி. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். வருஷப் பெயரை மட்டும் நம்பினால் 60 ஆண்டு தவறும்: சோபகிருது என்றால் 1783, 1843, 1903 எதுவும் ஆகலாம். சாலிவாகன சகாப்த எண் இருந்தால் 78 கூட்டுங்கள். ஆங்கில ஆண்டு பிறந்த பிறகு வரும் தை முதல் பங்குனி வரை 79. நீங்கள் தேடும் எல்லைக்கோடு 1843 ஏப்ரல் 7, அதாவது சுபகிருது பங்குனிக் கடைசி. அன்றுதான் அடிமை முறைக்கு எதிரான 5-ஆம் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது.

பலர் சறுக்குவது இங்கேதான். பிரிட்டிஷ் பார்லிமென்டின் 1833 அடிமை ஒழிப்புச் சட்டத்தால் இங்கே யாருக்கும் விடுதலை கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அது வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. அதனால் எதிர்க்கரையில் போட்ட ஓலை என்றால் 1843 சட்டத்தைக் கொண்டு அளக்காதீர்கள். இலங்கையில் ஒழிப்புச் சட்டம் 1844-இல்தான் வந்தது.

5-ஆம் சட்டத்துக்கு நான்கே பிரிவுகள். வரிப்பாக்கிக்கோ கோர்ட் தீர்ப்புக்கோ அடிமை என்று சொல்லி ஆளை ஏலம் விட அதிகாரிக்கு உரிமையில்லை. அடிமை மேல் சொத்துரிமை கோரும் வழக்கைக் கோர்ட் ஏற்காது. அடிமையாக இருந்தவர் என்பதற்காக ஒருவர் தேடிய சொத்தைப் பிடுங்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். சட்டம் வருமுன் அதிகம் வாதாடப்பட்டது இந்தக் கடைசி விஷயம்தான். ஆண்டை 'அளவாக' அடிக்கும் உரிமை போனால் வேலை நடக்காது என்றது ஒரு தரப்பு. எஜமான் என்பதால் எந்தக் குற்றமும் மன்னிக்கப்படக் கூடாது என்று மெக்காலே குழு 1837-இல் எழுதிய தண்டனைச் சட்ட வரைவு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

ஆள் வாங்குவதையோ விற்பதையோ தனிக் குற்றமாக 1843 சட்டம் ஆக்கவில்லை. கோர்ட் கதவை மட்டும் ஆண்டைக்குச் சாத்தியது. தண்டனை வந்தது 1862 ஜனவரி 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370, 371 பிரிவுகளால். ஆகவே இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட ஓலை கிடைத்தால் 'சட்டவிரோத விற்பனை' என்று குறிக்காதீர்கள்; 'கோர்ட்டில் செல்லாதது' என்று குறியுங்கள்.

தொகைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்றிருந்தால் பெரும்பாலும் பரம்பரை விற்பனை. பணம் திரும்பும்வரை உழைப்பு என்றால் கடன் அடிமை. விற்பனை வாசகமே இல்லாத வெறும் கடன் பத்திரமாகவும் அது வரும். அத்தகைய கடன்களையே ரத்துசெய்து கொத்தடிமையை ஒழித்த சட்டம் 1976-இல் வந்து, 1975 அக்டோபர் 25 முதல் செல்லுபடியானது.

ஓலையோடு ஒப்பிடக் கலெக்டர் கடிதங்கள் வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'ராமநாதபுரம்' என்று மட்டும் கேட்காதீர்கள். தனி மாவட்டமானது 1910-இல்தான். 1843 காலத்துத் தாள்களை மதுரை மாவட்டத்தின் கீழ் தேடுங்கள்.