நாயோடு முதல் மலைநடை: பாக்ஸ் ஹில்லில் தொடங்குங்கள்

லண்டனில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் பலரும் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று பக்கத்துப் பூங்காவோடு நின்றுவிடுகிறார்கள். மலைப்பக்கம் கூட்டிப்போக ஆசைதான். வழி தெரியாதே, ஆடு மாடு நிற்குமே, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற தயக்கம்தான் தடுக்கிறது. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. எங்கள் வீட்டு மணி ஒரு லாப்ரடார் கலப்பு. அவனை முதன்முதலில் சரே மலைகளுக்குக் கூட்டிப்போன அன்று, ஈர மண்ணில் மூக்கைப் புதைத்து அவன் நின்ற நிலையைப் பார்த்ததும், இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று மனசு உறுத்தியது.

முதல் நடைக்கு நான் சொல்வது டார்க்கிங் பக்கத்தில் உள்ள பாக்ஸ் ஹில். 1914 முதல் பொதுமக்களுக்கான இடம், நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. உச்சி 224 மீட்டர்தான். ஆனால் ஆறு, செங்குத்தான காடு, புல்வெளிச் சரிவு மூன்றும் 4, 5 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

படி 1: வீட்டிலேயே இரண்டு வேலை

முதலாவது, கூப்பிட்டால் வரும் பழக்கம். ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் "மணி, வா" என்று மட்டும்தான் சொல்வோம். வந்தவுடன் ஒரு துண்டு வேகவைத்த கோழி. முதலில் வீட்டுக்குள், அப்புறம் தோட்டத்தில், அப்புறம் பூங்காவில் நீளக் கயிறு கட்டி. அணிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டும் திரும்பி வந்தால்தான் பழகிவிட்டது என்று அர்த்தம். அதுவரை மலையில் லீட் (நாயைப் பிடிக்கும் வார்) கழற்ற வேண்டாம். லீட்டோடு நடந்தாலும் நாய்க்குக் கொண்டாட்டம்தான்.

இரண்டாவது, கழுத்துப் பட்டையில் தகடு. பொது இடத்தில் நாயின் கழுத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கைபேசி எண்ணையும் சேர்த்துப் பொறித்துவிடுங்கள். இங்கிலாந்தில் 2016 முதல் நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் கட்டாயம். வீடு மாறியிருந்தால் அதில் உள்ள முகவரியையும் மாற்றினீர்களா என்று பாருங்கள்.

படி 2: பையில் என்ன?

தண்ணீர் தாராளமாக. பாக்ஸ் ஹில் சுண்ணாம்பு மலை, மழை பெய்தாலும் நீர் கீழே இறங்கிவிடும். ஆற்றை விட்டு மேலே ஏறினால் ஓடையே கிடையாது. மடிக்கும் கிண்ணம், 2 மீட்டருக்கு மிகாத லீட், கழிவுப் பைகள், பழைய துண்டு, உண்ணி எடுக்கும் கொக்கி. வழி தெரிய ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 146 வரைபடம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நாம் வெளியே கிளம்பினால் வடை, புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று கட்டிக்கொண்டு போவோம். பக்கத்தில் உட்கார்ந்து நாய் பார்க்கிற பார்வைக்கு ஒரு துண்டு கொடுக்கத் தோன்றும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வடையும் பொங்கலும் உங்களுக்கு மட்டும். நாய்க்கு அதன் தீனியைத் தனியாகக் கட்டுங்கள்.

படி 3: ரயிலில் போகலாம்

வாட்டர்லூவிலிருந்தோ விக்டோரியாவிலிருந்தோ வரும் ரயிலில் ஏறி பாக்ஸ் ஹில் அண்டு வெஸ்ட்ஹம்பிள் நிலையத்தில் இறங்குங்கள். டூட்டிங் பக்கம் இருப்பவர்கள் விம்பிள்டனில் ஏறிக்கொள்ளலாம். ஒருவர் இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கூட்டிப்போகலாம். லீட் கட்டாயம், இருக்கையில் ஏற்றக் கூடாது.

படி 4: ஆற்றைக் கடப்பது

நிலையத்திலிருந்து இறங்கி, ஏ24 சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்து, நார்த் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதையின் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பங்களில் ஓக் மரத்தின் கொட்டை வரைந்திருக்கும். மற்றபடி மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், அங்கே லீட்டைச் சுருக்கிப் பிடியுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மோல் ஆறு வரும். கடக்க 17 மிதிகற்கள். இப்போதுள்ள கற்களை 1946இல் அன்றைய பிரதமர் கிளமென்ட் அட்லி திறந்து வைத்தார். மணி முதல் இரண்டு கற்களைத் தாவினான். மூன்றாவதில் நின்றுவிட்டான். நாலு கால் பாதமும் ஒரே கல்லில் நெருக்கி, வால் ஒடுங்கி, ஓடுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போது இழுக்கக் கூடாது. இழுத்தால் வழுக்கும், அடுத்த முறை ஆற்றங்கரைக்கே வர மாட்டான். நானும் நின்றேன். பேசாமல் அடுத்த கல்லில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அரை நிமிஷம் இருக்கும். மோந்து பார்த்தான், தாவினான். மிச்சக் கற்களில் எனக்கு முன்னால் போனான்.

மழைக்குப் பின் கற்கள் முழுகிக் கிடந்தால் இறங்கவே வேண்டாம். சற்றுத் தள்ளி ஒரு நடைபாலம் இருக்கிறது, இரண்டாம் உலகப்போரில் இறந்த மலைநடையாளர்கள் நினைவாகக் கட்டியது.

படி 5: காட்டுப் படிகள்

ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். படிகள் இருநூற்றைத் தாண்டும். ஈரச் சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும் என்பதால் நாயை முன்னால் இழுக்க விடாமல் பக்கத்தில் நடத்துங்கள். கழுத்துப் பட்டையில் லீட் மாட்டுவதைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் இங்கே நல்லது.

இந்தச் சரிவில் நிற்பவை பாக்ஸ் மரமும் யூ மரமும். மலைக்குப் பெயர் வந்ததே பாக்ஸ் மரத்தால்தான். தண்ணீரில் போட்டால் முழுகும் அளவுக்குக் கனமான கட்டை, ஒரு காலத்தில் அச்சுப் படங்கள் செதுக்க இதைத்தான் தேடினார்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சு, யூ ரொம்ப ஆபத்தானது. குச்சி கவ்வும் பழக்கமுள்ள நாய் என்றால் வாயைக் கவனித்துக்கொண்டே ஏறுங்கள். விளையாட வீட்டிலிருந்து பந்து கொண்டுபோங்கள்.

மேலே ஏறியதும் சாலமன்ஸ் நினைவு மேடை. மலையை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தவரின் பெயர் அது. கீழே டார்க்கிங் ஊர், எதிரே லீத் ஹில். நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள்.

படி 6: மாடு, ஆடு, பறவை

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். திரும்பும்போது பர்ஃபர்ட் ஸ்பர் என்ற புல்வெளி முகடு வழியாக இறங்குவீர்கள். இந்த மலையின் புல்வெளிகளில் மேய்ச்சல் விடுவார்கள். புல்லை மேயாமல் விட்டால் புதர் மண்டி, அரிய ஆர்க்கிட் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் போய்விடும் என்பதால் மாடுகளே அங்கே தோட்டக்காரர்கள்.

ஆடு மாடு கண்ணில் பட்டதும் லீட் மாட்டுங்கள். என் நாய் சாது என்று சொல்லாதீர்கள். நாய் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே போதும், சினை ஆடு குட்டியை இழந்துவிடும். ஆட்டைத் துரத்தும் நாயை வேறு வழியில் தடுக்க முடியாத நிலையில் விவசாயி சுட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

கன்றோடு நிற்கும் பசுவுக்கு நாய் என்றால் ஓநாய்தான். நடுவே புகாமல் தள்ளிச் சுற்றிப் போங்கள். அப்படியும் மாடு துரத்தி வந்தால் லீட்டைக் கைவிடுங்கள். கேட்கவே மனசு வராது, ஆனால் அதுதான் சரி. மாட்டின் கோபம் நாய்மேல், நாய் ஓடித் தப்பிவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நீங்கள்தான் மிதிபடுவீர்கள்.

பாதையை விட்டு நடக்க அனுமதியுள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை லீட் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வானம்பாடி போன்ற பறவைகள் தரையில்தான் கூடு கட்டும்.

கழிவை அள்ளிக் கட்டி ஊருக்கே எடுத்துவாருங்கள். காடுதானே என்று விட வேண்டாம். சில நாய்களின் கழிவில் உள்ள ஒட்டுண்ணி புல்லோடு வயிற்றுக்குள் போனால் பசு கன்றை இழந்துவிடும். பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

படி 7: வீடு வந்த பின்

சேறு கழுவித் துவட்டியதும் உண்ணி தேடுங்கள். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை தவறாமல். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்குக் கீழ், அக்குள், தொடை இடுக்கு, விரல் இடைவெளி. கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும், எள் அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படும். மயிரை விலக்கி, கொக்கியின் பிளவைத் தோலை ஒட்டி உண்ணிக்கு அடியில் செருகி, மெதுவாகத் திருகிக்கொண்டே இருங்கள். தானே கழன்று வரும், கால்கள் ஆடிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் தடவுவது, சூடு வைப்பது போன்ற ஊர் வழக்கமெல்லாம் வேண்டாம். உண்ணி திணறினால் வயிற்றில் உள்ளதை நாயின் இரத்தத்துக்குள்ளேயே கக்கலாம், உண்ணி பரப்பும் லைம் நோய் தொற்றும் ஆபத்து கூடும். உங்கள் கணுக்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மாடிப்படியில் நாய் காலைத் தயங்கித் தயங்கி வைத்தால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சுண்ணாம்பு மலையில் சிக்கிமுக்கிக் கல் அதிகம், கீறியிருக்கலாம். கீறல் இல்லை, வெறும் அலுப்புதான் என்றால் அன்றைக்கு வீட்டு வாசல்வரை போய்வந்தால் போதும்.