கடுக்காய்க் குடிநீர் (கஷாயம்): பாத்திரமும் தண்ணீரும் பார்த்துக் காய்ச்சும் முறை

தருமபுரியிலோ அரூரிலோ நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள், பொட்டலம் கட்டிய கடுக்காய்த் தூளை வாங்காமல் முழுக் காயாகக் கேட்டு வாங்குவது நல்லது. தூளில் கொட்டையும் சேர்ந்து அரைபட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். சுக்குக்குப் புறத்தோலும் கடுக்காய்க்கு உள்ளிருக்கும் கொட்டையும் நஞ்சு என்பது சித்த மருத்துவ மரபு. எனவே காயைக் கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் உரலில் ரவை பதத்துக்கு இடித்துக்கொள்ள வேண்டும். மாவு போல் இடித்தால் தண்ணீரில் கட்டி தட்டும், வடிகட்டவும் முடியாது.

கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின் எனப்படும் வேதிப்பொருள்கள். செபுலாஜிக் அமிலமும் செபுலினிக் அமிலமும் அவற்றுள் முக்கியமானவை. இவை தண்ணீரில் கரைபவை என்பதால் வீட்டில் சாராயமோ வேறு கரைப்பானோ தேவையில்லை. ஆனால் நெடுநேரம் கொதித்தால் இவை உடைந்து காலிக் அமிலமாகவும் எலாஜிக் அமிலமாகவும் மாறுகின்றன. ஊறவைத்த நீரும் காய்ச்சிய குடிநீரும் நாக்குக்கு ஒன்று போலத் தோன்றினாலும் ஒரே சரக்கு அல்ல.

இருவருக்கு 10 கிராம் இடித்த தோலை 160 மில்லி தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் சிறு தீயில் 40 மில்லியாக வற்றவைத்து, துணியில் வடிகட்டி ஆளுக்குப் பாதியாக வெந்நீர் கலந்து அருந்தலாம். மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். நான் முதன்முறை இருப்புச் சட்டியில் காய்ச்சியபோது குடிநீர் மை போலக் கறுத்துப்போனது; டானின் இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அதையே இப்போது சோதனையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு கரண்டிக் குடிநீரைத் தனியே எடுத்துத் துருப்பிடித்த ஆணியைப் போட்டு, சிறிது நேரத்தில் நீலக்கறுப்பு படர்ந்தால் சாரம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கரண்டியைக் கொட்டிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நம் பக்கத்தில் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு) அதிகம். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அதுவே முதன்மைக் காரணம். கொதிக்கவைத்தால் எந்தத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது: நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், நாலில் ஒன்றாக வற்றியதில் அதன் செறிவு நான்கு மடங்காகும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுவிட்டு ஒகேனக்கல் நீரிலோ மழைநீரிலோ காய்ச்சுவதே முறை.

குடித்த பிறகு நடப்பது பெரும்பாலும் பெருங்குடலில். டானின்களில் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது; மற்றவை பெருங்குடலை அடைய, அங்குள்ள கோர்டோனிபாக்டர் போன்ற நுண்ணுயிர்கள் எலாஜிக் அமிலத்தை, உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் யூரோலித்தின் என்னும் பொருள்களாக மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் எல்லோர் குடலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அண்ணனுக்குக் கேட்ட மருந்து தம்பிக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மலச்சிக்கலுக்குக் கடுக்காய் கொடுப்பது நெடுங்கால வழக்கம் என்றாலும், மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. குடல் நோய்களைத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால், ஆணியில் கண்ட அதே வினை வயிற்றுக்குள் நடந்து சத்து உடலில் சேர்வது குறையும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வயிறு இளகிப் போனாலோ வலித்தாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும். காய்ச்சியதை அன்றே குடித்து முடிக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாள் சூடுபடுத்திக் குடிக்கக் கூடாது.