ஆங்கிலத்தில் நோய், தமிழில் இலக்கணம்: பேச்சைக் கொண்டு டிமென்ஷியாவைக் கண்டறிகையில் நேரும் தவறுகள்

டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் மங்கும் நோய், இருக்கிறதா என்று பேச்சிலிருந்து அறிய, ஒரு படத்தைக் காட்டி, "இதுல என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேட்டு, வரும் பதிலைப் பதிவு செய்து கணினியிடம் கொடுப்பார்கள். இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வளர்ந்தவை. பாஸ்டன் அஃபேசியா (பேச்சிழப்பு) தேர்வின் பிஸ்கட் திருட்டுப் படமும், அதை விவரித்த பேச்சுகள் அடங்கிய பிட் (Pitt) தொகுப்பும்தான் அவற்றுக்கு அடித்தளம். 2023இல் ஆய்வாளர்களுக்காக நடந்த அட்ரெஸ்-எம் (ADReSS-M) போட்டி, ஆங்கிலப் பேச்சில் பழக்கிய கணினி மாதிரியைக் (model) கிரேக்கப் பேச்சில் சோதித்தது, படமும் வேறு. மொழி மாறும் அந்த இடத்தில்தான் பிசகுகிறது.

பெரிய தவறு, ஆங்கில அளவுகோலை அப்படியே எடுத்துவருவது. டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் உள்ளவர்களுக்குப் பொருளின் பெயர் சட்டென்று வராது. ஆங்கிலத்தில் 'அவன்', 'அது' போன்ற சொற்கள் பெருகும். அதனால் அவற்றை எண்ணுவது அங்கே பயன்படுகிறது. தமிழில் "விழப்போறான்" என்றாலே போதும், எழுவாய் விகுதிக்குள் இருக்கிறது. கிரேக்கத்திலும் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கில வரம்பை வைத்தால் நோயாளியும் நலமானவராகத் தெரிவார். அதே மொழி பேசும், அதே வயதும் படிப்பும் உள்ள நலமானவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று பாருங்கள். தமிழில் "அது வந்து", "இந்த... இது", "என்னமோ" போன்றவற்றைத் தனியாக எண்ணுவது நல்லது.

சொல்வளமும் ஏமாற்றும். பையன், பையனை, பையனோட, பையனுக்கு: கணினிக்கு நான்கு சொற்கள், உண்மையில் ஒன்று. வேர்ச்சொல்லாகப் பிரித்த பிறகே எண்ண வேண்டும். 40 சொல் பேசியவரை 200 சொல் பேசியவரோடு நேரடியாக ஒப்பிட்டால், குறைவாகப் பேசியவரே வளமானவராகத் தெரிவார், ஏனெனில் நீளும் பேச்சில் சொற்கள் திரும்ப வரும். பேச்சின் மேல் ஒரே அளவுள்ள சாளரத்தை நகர்த்தி, ஒவ்வொரு துண்டிலும் எண்ணிச் சராசரி எடுக்கும் நகரும் சாளர முறையில், அந்தச் சாளரத்தை மிகச் சிறிய பேச்சைவிடச் சிறியதாக, 20 சொல் அளவில் வைக்கலாம்.

எழுத்தாக்கும் மென்பொருளை முழுதும் நம்பாதீர்கள். பேச்சை எழுத்தாக மாற்றும் விஸ்பர் (Whisper) போன்றவை "உம்", திக்கல், பாதியில் விட்ட சொல் எல்லாவற்றையும் துப்புரவாக்கிவிடும். நமக்கு வேண்டியதே அவைதான். நீண்ட மௌனத்தில் சொல்லாததையும் எழுதிவிடும். இடைவெளிகளை ஒலியிலிருந்தே அளவெடுங்கள்.

கேள்வி கேட்பவரின் குரலை வெட்டுங்கள். நோயாளியிடம்தான் "வேற என்ன தெரியுது?" அதிகம் கேட்கப்படும், மாதிரி அதைக் கற்றுக்கொள்ளும். பிட் தொகுப்பில் ஒரே நபர் பல ஆண்டுகள் வந்திருக்கிறார், எனவே பழக்கவும் சோதிக்கவும் தரவைப் பிரிக்கும்போது, பதிவுகளாக அல்லாமல் நபர்களாகவே பிரிக்க வேண்டும். பேச்சில்லாத துண்டுகளை மட்டும் கொடுத்தும் சோதியுங்கள். அப்போதும் நோயாளியையும் நலமானவரையும் சரியாகப் பிரித்தால், மாதிரி கேட்பது அறையின் இரைச்சலையே.

சிறு முன்னேற்றத்தைப் பெரிதாக எண்ணாதீர்கள். அட்ரெஸ்-எம்முக்கு முந்தைய 2020 அட்ரெஸ் போட்டியில் வயதும் பாலினமும் பொருத்திய 156 பேர், அவர்களில் சோதனைக்கு 48 பேர். அங்கே 2 சதவீத முன்னேற்றம் என்பது ஒரே ஒரு நபர்.

முடிவை வீட்டாரிடம் நோய்க்கணிப்பாகச் சொல்லாதீர்கள். காது மந்தம், மனச்சோர்வு, பி12 குறைபாடு, தைராய்டு ஆகியவையும் பேச்சை மாற்றும். அவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருத்துவர் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான்.