வேலை போனதும் பெங்களூருக்கு டிக்கெட் போடாதீர்கள்

லீவில் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். மாங்காய் சீசன், மண்டிப் பக்கம் லாரிகளுக்கு நடுவில் புகுந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது. வந்த இரண்டு நாளில் மூன்று பையன்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். ஓசூர் கம்பெனிகளில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்கள். எத்தனை கிலோ லக்கேஜ், குக்கர் கொண்டு போகலாமா என்றெல்லாம் கேட்டார்கள். அங்கே வேலை போனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானாக ஆரம்பித்தபோது, கிளம்புகிற பிள்ளைகளிடம் என்ன பேச்சு என்று அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கே போயிருக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இரண்டரை வருடம் முடிந்த சமயம், பணிநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரவு அப்பாவிடம் சொன்னேன். “கிளம்பி வந்துருப்பா, இங்க பாத்துக்கலாம்” என்றார். நானும் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் இருந்த அரூர்க்காரர்தான் தடுத்தார். “முதல்ல பதிவு பண்ணு தம்பி. ஊரு எங்கயும் போயிடாது.”

வேலை போனவர்கள் அங்கே பதிவு செய்தால் மாதாமாதம் பணம் வரும். அப்பாவுக்கு இந்தப் பணமே பிடிக்கவில்லை. வேலையில்லாதவர்களுக்கான பணம் என்றால் நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் உதவித்தொகைதான் அவருக்கு நினைவு: பதிந்து 5 வருடம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். ஜெர்மனியில் கதை வேறு. உங்கள் சம்பளச் சீட்டில் ‘ஏவி’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அது வேலையிழப்புக் காப்பீடு. மொத்தச் சம்பளத்தில் 2.6 சதவீதம், பாதி உங்களுடையது, பாதி கம்பெனியுடையது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு, மோதிய பிறகு கிளெய்ம் கேட்க யாராவது கூச்சப்படுவார்களா?

கடைசி 30 மாதத்தில் 12 மாதம் கட்டியிருந்தால் தகுதி உண்டு. 12 மாதம் கட்டியவருக்கு 6 மாதமும், 24 மாதம் கட்டியவருக்கு ஒரு வருடமும் பணம் வரும். கைக்கு வந்த சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. மருத்துவக் காப்பீட்டையும் அங்கத்து வேலைவாய்ப்பு அலுவலகமே கட்டிவிடும்.

தேதிகளில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பதிவு ஒன்றல்ல, இரண்டு. வேலை முடிய மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால், கடிதம் கைக்கு வந்த 3 நாளுக்குள் ‘ஆகெண்டூர் ஃப்யூர் ஆர்பைட்’ என்ற அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ‘வேலை தேடுகிறேன்’ என்று பதிய வேண்டும். போனில் சொன்னாலும் போதும். தாமதித்தால் ஒரு வாரப் பணம் போச்சு. அப்புறம், வேலையில்லாத முதல் நாளுக்குள் ‘வேலை இல்லை’ என்று தனியாக இன்னொரு பதிவு. முதலாவதை முடித்துவிட்டு எல்லாம் ஆயிற்று என்று நிம்மதியாகத் தூங்கியவன் நான். அரூர்க்காரர் இரண்டாம் முறையும் காப்பாற்றினார். இரண்டாவது பதிவு தள்ளிப்போனால் பணமும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

கடிதத்துக்குப் பதிலாக, ‘பேசி முடித்துக்கொள்வோம், இதில் ஒரு கையெழுத்து போடுங்கள்’ என்று ஒரு தாளை நீட்டினால் அங்கேயே போடாதீர்கள். அது ‘ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்’, இரு தரப்பும் சம்மதித்து வேலையை முடிக்கும் ஒப்பந்தம். சரியான காரணம் இல்லாமல் அதில் கையெழுத்திட்டாலோ, நீங்களாகவே ராஜினாமா செய்தாலோ 12 வாரம் பணம் நிறுத்தப்படும். மொத்தக் காலத்திலும் கால் பங்காவது குறையும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மின்னஞ்சலில் வந்த பணிநீக்கம் அங்கே செல்லாது. பேனாவால் கையெழுத்திட்ட தாள் வர வேண்டும். நீக்கம் தவறு என்று தோன்றினால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக, அது கைக்கு வந்த நாளிலிருந்து 3 வாரம்தான் அவகாசம்.

விசா தனிக் கணக்கு. பணம் ஒரு வருடம் வருவதால் விசாவும் ஒரு வருடம் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கான அனுமதியிலோ, படித்த வெளிநாட்டவர்களுக்கான ‘புளூ கார்டு’ அனுமதியிலோ இருப்பவர்கள், வேலை போனதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு 2 வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுப் பணம் வாங்குவதைச் சொல்ல அங்கே பயப்படத் தேவையில்லை. நீங்கள் கட்டி வாங்கும் பணம் அது, அரசு உதவி என்று கணக்கில் வராது.

இனி டிக்கெட் விஷயம். பணம் வாங்கும் காலத்தில், வேலை ஏதாவது வந்தால் உடனே போய்ச் சேரும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு வருடத்துக்கு 3 வாரம் வரை வெளியே போகலாம். முதல் மூன்று மாதத்தில் அதுவும் சுலபத்தில் கிடைக்காது. சொல்லாமல் கிருஷ்ணகிரியில் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். நான் ஐந்தாவது மாதம், மாரியம்மன் பண்டிகைக்குப் பத்து நாள் கேட்டு, அனுமதி வந்த பிறகுதான் டிக்கெட் போட்டேன். அப்பாவுக்கு இன்றைக்கும் அது புரியவில்லை. “வேலையே இல்ல, அப்புறம் லீவு எதுக்குப்பா கேக்கணும்?”