சின்னதாகிப் போன குழந்தைத் துணி: எதை விற்கலாம், எதைக் கொடுக்கலாம்?

பிள்ளை வளர்கிற வேகத்தில் பீரோவில் பாதி, போடாத துணியாகத்தான் கிடக்கும். "அடுத்த குழந்தைக்கு ஆகும்" என்று பரணில் ஏற்றினால் வெள்ளை பழுப்பேறும், எலாஸ்டிக் விட்டுப்போகும். தரப் போவதென்றால் நன்றாக இருக்கும்போதே தந்துவிடுங்கள்.

1. பகல் வெளிச்சத்தில் பிரியுங்கள்

டியூப்லைட்டில் கறை தெரியாது. காலர், அக்குள், முட்டி, ஜிப், டிச் பட்டன் எல்லாவற்றையும் பாருங்கள். வாழைக்கறையும் மாங்காய்ப்பால் கறையும் போகாது, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். விற்க, கொடுக்க, வீட்டுக்கு என மூன்று குவியல். ஜட்டி, பனியன் எதுவும் கொடுக்கும் குவியலுக்குப் போகக் கூடாது.

2. துவைத்து, வெயிலில் காயவையுங்கள்

ஈரம் இருந்தால் பைக்குள் பூசணம் பிடிக்கும். கைக்குழந்தைத் துணியில் அந்துருண்டை போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் ஏறிய துணியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். காய்ந்த வேப்பிலை போதும்.

3. விற்பது

தினசரி டிஷர்ட், டிரவுசர், கவுன் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்கப் பார்ப்பது வீண் வேலை. போட்டோ எடுத்து, "லாஸ்ட் எவ்வளவு?"களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த சைஸுக்குப் போய்விடும். பத்து உருப்படியை ஒரே கட்டாகப் போடலாம்.

தனியாக விலை போவது பட்டுப்பாவாடை, குட்டி ஷெர்வானி, ஸ்வெட்டர், பரதநாட்டிய உடை, தனியார் பள்ளி யூனிஃபார்ம். யூனிஃபார்முக்கு அதே பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுதான் சரியான சந்தை. மே மாதமே போட்டுவிடுங்கள், ஜூனில் எல்லோரும் புதுசு வாங்கிவிடுவார்கள்.

பட்டுப்பாவாடையில் உள்ளே மடித்துத் தைத்த துணி எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். பிரித்துவிட்டால் இன்னும் ஓரிரு வருஷம் ஓடும் என்று அம்மாக்களுக்குத் தெரியும், விலையும் நிற்கும். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. ஆகவே தெருவில் பழைய பட்டுக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போடுமுன் ஜரிகை வாங்கும் கடையில் விசாரித்துவிடுங்கள்.

"3 வயசு" என்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. துணியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அகலம், தோளிலிருந்து கீழ்வரை உயரம் இரண்டையும் அளந்து போடுங்கள். கறையோ கிழிசலோ இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்துக் காட்டுங்கள். பிள்ளை போட்டிருக்கும் படம் வேண்டாம். முன்பின் தெரியாதவர் கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றால் அது மோசடி. யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை.

4. கொடுப்பது

முதலில் பக்கத்து வீடு, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, சொந்தக்காரர்கள். "உங்க பாப்பாவுக்கு ஆகுமா அக்கா, பார்த்து வேணுங்கிறதை எடுத்துக்குங்க" என்று பையைத் திறந்து வையுங்கள். மூட்டையாகத் திணிக்காதீர்கள்.

குழந்தைகள் இல்லம் என்றால் போன் பண்ணாமல் போக வேண்டாம். புதுத்துணி மட்டும் வாங்குகிற இல்லங்கள் உண்டு. அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை அரசே தருவதால், அங்கே உங்கள் யூனிஃபார்முக்கு வேலை இல்லை. 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் பழைய துணி சேகரிக்கிறது. கிராமத்து மக்கள் குளம் வெட்டுவது, பாதை போடுவது என்று தங்கள் ஊருக்கே செய்யும் வேலைக்கு ஈடாக அதைத் தருகிறார்கள். இலவசம் என்று கை நீட்ட வைக்காத இந்த முறை எனக்குப் பிடித்தது.

சட்டையையும் டிரவுசரையும் ஜோடியாக ஊக்கு குத்தி, பைமேல் "ஆண், 4 வயது, 6 செட்" என்று எழுதி ஒட்டுங்கள்.

5. மீதி

பட்டனையும் கொக்கியையும் வெட்டி டப்பாவில் போடுங்கள். பருத்தியென்றால் அடுப்படிக்குப் பிடிதுணி ஆகும். அதற்கும் மேல் மிஞ்சினால் துண்டு போட்டு, பைக் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பனியன் வேஸ்ட்டை அவர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்.